விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாறும்போது பார்ட்டிஷன்களைத் திட்டமிடுவது எப்படி?

கேள்வியின் சாரம் இது: மடிக்கணினியில் 512 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றும் 1 டிபி ஹார்டு டிஸ்க் ஒன்றும் உள்ளன. எஸ்எஸ்டியில் விண்டோஸ் 11 சி டிரைவாகவும், ஹார்டு டிஸ்க் முழுவதும் ஒரே டி டிரைவாகவும் இருக்கிறது. ரேம் 16 ஜிபி. லினக்ஸுக்கு மாற வேண்டும், ஆனால் ஒரு கணக்கியல் மென்பொருளுக்காக விண்டோஸைச் சில மாதங்கள் விட்டுவைத்துப் பிறகு நீக்க வேண்டும். அப்படியானால் எத்தனை பார்ட்டிஷன்கள் (வட்டைப் பிரிக்கும் பகுதிகள்) போட வேண்டும், ஒவ்வொன்றும் எவ்வளவு, ஸ்வாப் (ரேம் நிரம்பும்போது கைகொடுக்கும் வட்டு இடம்) எவ்வளவு, டி டிரைவை அப்படியே விடலாமா?

அளவுகளைப் பிறகு பார்ப்போம். அவற்றில் பத்து இருபது ஜிபி முன்பின் ஆனாலும் பெரிய பாதிப்பு இராது. திட்டத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது வட்டில் எது எதற்கு அடுத்து வருகிறது என்னும் வரிசைதான். ஒரு பார்ட்டிஷனின் தொடக்கம் அசையாமல் இருக்க, அதன் முடிவை மட்டும் முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளுவது பொதுவாகச் சில நிமிட வேலை. தொடக்கத்தையே நகர்த்த வேண்டுமென்றால் அதிலுள்ள தரவு முழுவதையும் வட்டில் வேறிடத்துக்கு எடுத்து எழுத வேண்டும். அதற்கு மணிக்கணக்காகும், நடுவில் மின்சாரம் போனால் அந்தப் பார்ட்டிஷன் மீளாமலே போகலாம். ஆகவே, பின்னால் எந்த இடம் காலியாகப் போகிறது, அந்தக் காலியிடம் எதன் வலப்புறம், அதாவது எதன் முடிவுக்கு அடுத்து, அமையும் என்பதை இன்றே யோசித்துவிட்டால், பிறகு எடுக்க வேண்டிய முடிவுகளில் பாதி எளிதாகிவிடும். உங்கள் வழக்கில் பின்னால் காலியாகப் போவது விண்டோஸ் இருக்கும் இடம் என்பது முன்கூட்டியே தெரிகிறது. இது ஒரு வசதி.

முதலில், இப்போது எஸ்எஸ்டியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்தால் சி டிரைவுடன் வேறு சில சிறு துண்டுகளும் தெரியும். வட்டின் தொடக்கத்தில் பெரும்பாலும் 100 எம்பி அளவில் இஎஃப்ஐ பார்ட்டிஷன் இருக்கும். கணினியை இயக்கியதும் ஃபர்ம்வேர் (மதர்போர்டிலேயே உள்ள தொடக்க மென்பொருள்) தேடிச் செல்லும் பூட்லோடர்கள் (இயங்குதளத்தை எழுப்பும் நிரல்கள்) அங்கேதான் உள்ளன. அதையடுத்து மைக்ரோசாஃப்ட் தனக்காக ஒதுக்கிக்கொண்ட 16 எம்பி துண்டு ஒன்று உண்டு, டிஸ்க் மேனேஜ்மென்ட் அதைக் காட்டாது. பிறகு சி டிரைவ், அதற்கும் பின்னால் வட்டின் கடைசியில் சில நூறு எம்பி அளவில் ரெகவரி பார்ட்டிஷன். 512 ஜிபி வட்டு அங்கே 476 ஜிபி என்று காட்டப்படுவதைக் கண்டு கலங்க வேண்டாம்: தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்காகக் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1024-இன் மடங்காகக் கணக்கிடுகிறது. லினக்ஸ் கருவிகளில் சில முதல் முறையையும் சில இரண்டாம் முறையையும் பின்பற்றுவதால், ஒரே பார்ட்டிஷன் இரண்டு திரைகளில் இரண்டு அளவாகத் தெரியக்கூடும். நிறுவும்போது எந்தப் பார்ட்டிஷன் எது என்று குழம்பாமலிருக்க, இந்த அமைப்பைத் தாளில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் 11 முறையாக நிறுவப்பட்ட கணினி என்றால் அது யூஇஎஃப்ஐ என்ற ஃபர்ம்வேர் முறையில் பூட் ஆகிறது, பார்ட்டிஷன்களைக் குறித்துவைக்கும் வட்டின் அட்டவணை ஜிபிடி வகையாகும் என்று எடுத்துக்கொள்ளலாம். ஜிபிடியில் வழக்கமாக 128 பார்ட்டிஷன்களுக்கு இடம் உண்டு என்பதால் எண்ணிக்கையைப் பற்றிக் கவலை இல்லை. பழைய எம்பிஆர் வகையில் முதன்மைப் பார்ட்டிஷன்கள் நான்குதான். அதற்குமேல் வேண்டுமானால் ஒன்றை விரிவுப் பார்ட்டிஷனாக்கி அதற்குள் பிரிக்க வேண்டும். வழக்கமான 512 பைட் செக்டார் கொண்ட வட்டுகளில் 2 டிபிக்கு மேல் அதனால் பயன்படுத்தவும் முடியாது. இணையத்தில் இன்றும் உலவும் பல வழிகாட்டிகள் அந்தக் காலத்துக்காக எழுதப்பட்டவை. முதன்மையா லாஜிக்கலா என்ற பேச்சு எங்காவது வந்தால், அந்தப் பகுதி உங்களுக்கானது அன்று எனக் கடந்து செல்லலாம்.

லினக்ஸ் நிறுவியைத் தொடுவதற்கு முன் விண்டோஸுக்குள் இருந்தே முடிக்க வேண்டிய வேலைகள் சில உள்ளன. முதலாவது பிட்லாக்கர், அதாவது விண்டோஸின் வட்டுக் குறியாக்க வசதி. விண்டோஸின் ஹோம் பதிப்பில்கூட டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பெயரில் வட்டு குறியாக்கம் செய்து பூட்டப்பட்டிருக்கலாம்; பயனர் கேட்காமலேயே இது இயக்கப்பட்டிருப்பதும் உண்டு. பூட் வரிசையையோ செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் எழவிடும் பாதுகாப்பு) அமைப்பையோ மாற்றியதும், அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கக்கூடும். அந்தச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு. இப்போதே பார்த்து இந்தக் கணினிக்கு வெளியே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் சில மாதங்களில் போகப் போகிறது என்பதால், இந்தக் குறியாக்கத்தை முழுவதுமாக நீக்கிவிட்டுத் தொடங்குவதே எனக்குச் சரியாகப் படுகிறது. பூட்டிய சி டிரைவை லினக்ஸ் நிறுவிகளால் சுருக்க முடியாது.

இரண்டாவது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். 2012-இல் விண்டோஸ் 8 உடன் வந்த இந்த வசதி இயங்கும்போது, ஷட் டவுன் கொடுத்தாலும் கணினி முழுமையாக அணைவதில்லை. விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலின் நிலை வட்டில் எழுதப்பட்டு, அடுத்த முறை அங்கிருந்தே தொடர்கிறது. அந்த நிலையில் உள்ள என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் கோப்புகளை அடுக்கிவைக்கும் கோப்பு முறைமை) பார்ட்டிஷனை லினக்ஸ் வாசிக்க மட்டும் அனுமதிக்கும், அல்லது மவுண்ட் செய்யவே (பயன்பாட்டுக்கு இணைக்கவே) மறுக்கும். அதை மீறி வலுக்கட்டாயமாக எழுதினால், விண்டோஸ் திரும்ப எழும்போது தன் பழைய நினைவை நம்பிக் கோப்பு அட்டவணையைக் குலைத்துவிடும். சி டிரைவுக்கு மட்டுமன்றி டி டிரைவுக்கும் இது பொருந்தும். ஆகவே பவர் ஆப்ஷன்ஸில் இதையும், கூடவே கட்டளை வரியில் ஹைபர்னேட்டையும் (ரேமில் உள்ளதை வட்டில் எழுதிவிட்டு அணையும் வசதி) நிறுத்திவிடுங்கள்.

பிறகு சி டிரைவைச் சுருக்குதல். இதை டிஸ்க் மேனேஜ்மென்டில் உள்ள ஷ்ரிங்க் வால்யூம் வழியாகவே செய்வது நல்லது. தன் கோப்பு முறைமையில் எதை நகர்த்தலாம், எதைக் கூடாது என்பதை அறிந்தது விண்டோஸ்தான். சி டிரைவில் 300 ஜிபி காலியாக இருந்தும் 40 ஜிபிக்கு மேல் சுருக்க முடியவில்லை என்று பலர் திகைப்பது உண்டு. டிரைவின் நடுவிலோ கடைசியிலோ நகர்த்த முடியாத கோப்பு ஒன்று அமர்ந்திருப்பதே பெரும்பாலும் காரணம்: பேஜ் ஃபைல் (விண்டோஸின் ஸ்வாப் கோப்பு), ஹைபர்னேட் கோப்பு, சிஸ்டம் ரெஸ்டோர் சேமித்த நகல்கள் போன்றவை. ஹைபர்னேட்டை நிறுத்தி, சிஸ்டம் ரெஸ்டோரைத் தற்காலிகமாக அணைத்து, பேஜ் ஃபைலை நீக்கி, மறுதொடக்கம் செய்தபின் முயன்றால் பெரும்பாலும் வழி கிடைக்கும். சுருக்கி முடித்தபின் பேஜ் ஃபைலை மீண்டும் இயக்கிவிடலாம். கிடைத்த காலியிடத்தில் விண்டோஸிலேயே புதிய வால்யூம் உருவாக்கிவிடாதீர்கள். அதை ஒதுக்கப்படாத இடமாகவே விட்டுவையுங்கள்.

இன்டெல் செயலி கொண்ட சில மடிக்கணினிகளில் வட்டுக் கட்டுப்பாடு ஆர்எஸ்டி அல்லது ரெய்டு முறையில் வைக்கப்பட்டிருக்கும். அவற்றில் லினக்ஸ் நிறுவியின் கண்ணுக்கு எஸ்எஸ்டியே தெரியாமல் போகலாம். ஃபர்ம்வேர் அமைப்பில் அதை ஏஹெச்சிஐ முறைக்கு மாற்ற வேண்டியிருக்கும்; ஆனால் நேரடியாக மாற்றினால் விண்டோஸ் எழாமல் போகும். விண்டோஸை அடுத்த முறை சேஃப் மோடில் எழும்படி அமைத்துவிட்டு, ஃபர்ம்வேரில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை எழச் செய்து, பிறகு அதை இயல்பு நிலைக்குத் திருப்பினால் பொதுவாகச் சிக்கலின்றி முடியும். வட்டு தெரியவில்லை என்றால் மட்டும் இதைத் தொடுங்கள்.

இப்போது நிறுவி. அதில் வட்டை அழித்து நிறுவுக என்ற பொருளில் ஒரு தேர்வு முதலிலேயே நிற்கும். சி டிரைவும் டி டிரைவும் ஒரே வட்டில் உள்ளவர்களில் சிலர், அழிக்கப்படுவது சி மட்டும்தான், டி தனி என்று எண்ணி அதைச் சொடுக்கியிருக்கிறார்கள். நிறுவிக்குச் சி, டி என்ற கணக்கே கிடையாது. அது அழிப்பது அந்த வட்டிலுள்ள எல்லாப் பார்ட்டிஷன்களையும். உங்களிடம் டி வேறு வட்டில் இருப்பதால் இந்த ஆபத்து சற்றுக் குறைவு. ஆயினும் நிறுவி எந்த வட்டைத் தேர்ந்து வைத்திருக்கிறது என்பதை அளவையும் மாடல் பெயரையும் கொண்டு உறுதிசெய்ய வேண்டும். விண்டோஸுக்கு அருகில் நிறுவுக என்ற தானியங்கித் தேர்வு பெரும்பாலும் ஒழுங்காகவே வேலை செய்யும், எனினும் வரிசையும் அளவும் உங்கள் கையில் இருக்க வேண்டுமானால் கைமுறைப் பார்ட்டிஷனுக்கே செல்ல வேண்டும். எதைத் தேர்ந்தாலும், டி டிரைவில் உள்ளவற்றின் நகல் இந்தக் கணினிக்கு வெளியே ஒரு வட்டில் இல்லாமல் இந்தக் கட்டத்துக்கு வரவேண்டாம்.

லினக்ஸில் டிரைவ் எழுத்துகள் இல்லை. ரூட் என்ற ஒற்றை மரம் உண்டு. மற்றப் பார்ட்டிஷன்கள் அனைத்தும் அதன் ஏதோவொரு கிளையில் மவுண்ட் செய்யப்படும். இதனால், எதற்கெல்லாம் தனி டிரைவ் என்ற விண்டோஸ் காலத்துக் கேள்வி, எந்தக் கிளையைத் தனிப் பார்ட்டிஷனில் வைத்தால் உண்மையில் பயன் என்று மாறுகிறது. என் பதில்: வீட்டுக் கணினியில் ஹோம் (உங்கள் கோப்புகளும் அமைப்புகளும் இருக்கும் கிளை) தவிர வேறு எதற்கும் தனிப் பார்ட்டிஷன் தேவையில்லை, அந்த ஹோமும் கட்டாயமில்லை. வார் (/var), டெம்ப் (/tmp), யூஎஸ்ஆர் (/usr) என்று ஆறேழாகப் பிரிக்கும் பழக்கம் பலர் பகிரும் சர்வர்களிலிருந்து வந்தது. அங்கே ஒரு லாக் கோப்பு பெருத்து அமைப்பையே நிறுத்திவிடக் கூடாது என்ற கவலைக்கு நியாயம் உண்டு. தனியொருவரின் மடிக்கணினியில் அது ஒரு பார்ட்டிஷன் நிரம்பி வழிய, பக்கத்துப் பார்ட்டிஷனில் 50 ஜிபி சும்மா கிடக்கும் நிலையைத்தான் உண்டாக்கும்.

ஹோம் தனியாக இருப்பதன் பயன் உண்மையானது. டிஸ்ட்ரோவை (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகையை) மாற்றினாலோ மீண்டும் நிறுவினாலோ, ரூட்டை மட்டும் ஃபார்மட் செய்துவிட்டு, ஹோமை ஃபார்மட் இன்றி அதே இடத்தில் மவுண்ட் செய்யச் சொன்னால் போதும். கோப்புகளும் உலாவியின் அமைப்புகளும் அப்படியே இருக்கும். ஆனால் இரண்டு டிஸ்ட்ரோக்களை ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டு ஒரே ஹோமைப் பகிர்வது தொல்லையை விலைக்கு வாங்குவது. ஒன்றில் புதிய பதிப்பு மென்பொருள் எழுதிய அமைப்புக் கோப்பை மற்றொன்றில் உள்ள பழைய பதிப்பு புரிந்துகொள்ளாது. அப்படிச் செய்ய விரும்புவோர் படங்கள், ஆவணங்கள் முதலியவற்றை மட்டும் தனித் தரவுப் பார்ட்டிஷனில் வைத்து இரண்டிலிருந்தும் அணுகலாம்.

ரூட்டின் அளவு எவ்வளவு என்பதில் பழைய வழிகாட்டிகளை நம்ப வேண்டாம். 20 ஜிபி போதும் என்று அவை சொன்ன காலத்தில், செயலிகளைத் தனிப் பொதிகளாகத் தரும் ஃபிளாட்பேக்கும் ஸ்னாப்பும் டாக்கரும் இல்லை. கணினி முழுமைக்கும் நிறுவப்படும் ஃபிளாட்பேக் செயலிகளும், ஸ்னாப்களும், டாக்கர் படிமங்களும் வார் (/var) என்ற கிளைக்குள்தான் சென்று சேர்கின்றன, அதாவது ரூட் பார்ட்டிஷனில். டைம்ஷிஃப்ட் போன்ற கருவி எடுக்கும் ஸ்னாப்ஷாட்களும் (அமைப்பின் அந்தந்த நேரத்து நகல்கள்) வேறிடம் சொல்லாவிட்டால் அங்கேயே குவியும். லினக்ஸ் மின்ட் தன் பரிந்துரையில் குறைந்தது 20 ஜிபி, வசதியாக 100 ஜிபி என்று சொல்கிறது. லினக்ஸின் வழக்கமான எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் தனி ஹோம் வைப்பதாக இருந்தால் ரூட்டுக்கு 80 முதல் 100 ஜிபி கொடுங்கள். அதற்குக் குறைத்தால் விரைவிலேயே ரூட் நிரம்பக்கூடும். ரூட்டின் வலப்புறம் ஹோம் ஒட்டிக்கொண்டிருப்பதால் நீட்டவும் வழியிராது.

இந்தச் சங்கடத்தை முற்றாகத் தவிர்க்கும் வழி பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை. அதில் ரூட்டும் ஹோமும் இரண்டு சப்வால்யூம்களாக (உட்பிரிவுகளாக) ஒரே பார்ட்டிஷனுக்குள் இருக்கும்; காலியிடம் இருவருக்கும் பொது. ஃபெடோராவின் டெஸ்க்டாப் பதிப்புகள் 2020-இல் வந்த 33-ஆம் வெளியீட்டிலிருந்து இதையே இயல்பாகக் கொண்டுள்ளன. ஓப்பன்சூசே அதற்கும் முன்னதாகவே ரூட்டுக்கு இதை ஏற்றுக்கொண்டது. புதுப்பிப்பு ஒன்று தவறாகப் போனால், முன்பே எடுத்துவைத்த ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்புவது இதில் சில நொடி வேலை. உங்கள் சூழலில் இன்னொரு பெரும் நன்மையும் உண்டு, அதை விண்டோஸை நீக்கும் இடத்தில் சொல்கிறேன். குறைகளும் இல்லாமல் இல்லை: மெய்நிகர் கணினிகளின் வட்டுப் படிமங்கள் போல இடைவிடாது உள்ளுக்குள் மாறும் பெரிய கோப்புகள் இதில் துண்டு துண்டாகச் சிதறும், பழைய ஸ்னாப்ஷாட்களை நீக்காமல் விட்டால், கோப்புகளை அழித்தாலும் இடம் திரும்பக் கிடைக்காது. எதுவும் கவனிக்காமல் ஆண்டுக்கணக்கில் ஓட வேண்டும் என்பவருக்கு எக்ஸ்ட்4 இன்னமும் நல்ல தேர்வு. எக்ஸ்எஃப்எஸ் என்ற மற்றொரு கோப்பு முறைமை இந்த வேலைக்கு ஏற்றதல்ல. அதை நீட்டலாம், சுருக்க முடியாது. எக்ஸ்ட்4-ஐ இயங்கும்போதே நீட்டலாம், சுருக்க வேண்டுமானால் மவுண்டிலிருந்து எடுத்தாக வேண்டும்.

ஸ்வாப்பைப் பற்றி இணையத்தில் நடக்கும் விவாதங்களின் அளவுக்கு அதில் விஷயம் இல்லை. ரேமின் இரு மடங்கு என்ற பழைய விதி, ரேம் எம்பி கணக்கில் இருந்த காலத்தது. உபுண்டு 17.04-இலிருந்து தனிப் பார்ட்டிஷனுக்குப் பதிலாக ரூட்டுக்குள் ஒரு ஸ்வாப் கோப்பையே இயல்பாக உருவாக்குகிறது; ஃபெடோரா ரேமின் ஒரு பகுதியையே சுருக்கி வைக்கும் இசட்ரேம் முறையைப் பயன்படுத்துகிறது. 16 ஜிபி ரேமுக்கு 4 முதல் 8 ஜிபி வரை ஸ்வாப் கோப்பு போதும். வேண்டும்போது அதைப் பெரிதாக்கலாம், பார்ட்டிஷன் அட்டவணையைத் தொட வேண்டியதில்லை. ஹைபர்னேட் தேவைப்படுவோர் மட்டும் ரேமின் அளவுக்கோ சற்றுக் கூடுதலாகவோ ஒதுக்க வேண்டும். அவர்களும், செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால் பல டிஸ்ட்ரோக்களின் கெர்னல் ஹைபர்னேட்டை அனுமதிப்பதில்லை என்பதை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

இஎஃப்ஐ பார்ட்டிஷனைப் பொறுத்தவரை, இருப்பதையே பகிர்ந்துகொள்ளலாம். லினக்ஸின் பூட்லோடரான கிரப் அதில் சில எம்பி மட்டுமே எடுத்துக்கொள்ளும். கைமுறை நிறுவலில் அதை இஎஃப்ஐ என்று குறிப்பிடுங்கள், ஃபார்மட் செய்க என்ற கட்டத்தில் டிக் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விழுந்தால் விண்டோஸின் பூட்லோடர் அதோடு போய்விடும். பாப் ஓஎஸ் போன்ற சில டிஸ்ட்ரோக்கள் கெர்னலையே இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்குள் நகலெடுத்து வைப்பவை. அவற்றுக்கு 100 எம்பி போதாது, 1 ஜிபி அளவில் தனியாக ஒன்று உருவாக்க வேண்டியிருக்கும். இது போன்ற டிஸ்ட்ரோவைத் தேர்ந்தெடுக்கப் போகிறீர்களா என்பதை முன்பே முடிவுசெய்துவிட்டால் நிறுவலின் நடுவில் திரும்ப வேண்டியிராது.

மடிக்கணினி வெளியே எடுத்துச் செல்லப்படுவது என்றால் லக்ஸ் என்ற குறியாக்க முறையில் லினக்ஸ் பகுதியைப் பூட்டுவதையும் யோசிக்க வேண்டும். இதைப் பின்னால் சேர்ப்பது மிகவும் கடினம் என்பதால் முடிவு இப்போதே தேவை. பூட்டிய ரூட்டுக்கு வெளியே, பூட் (/boot) என்ற கிளைக்கு 1 ஜிபி அளவில் தனி எக்ஸ்ட்4 பார்ட்டிஷன் ஒன்று பொதுவாக வேண்டியிருக்கும். பழைய அறிவுரைப்படி அதை 250 எம்பியில் நிறுத்தினால் இரண்டு மூன்று கெர்னல்களிலேயே நிரம்பி, புதுப்பிப்புகள் நின்றுபோகும்.

ஆக, எஸ்எஸ்டியின் 476 ஜிபியில் விண்டோஸுக்கு 160 ஜிபி விட்டுவிட்டு, சி டிரைவுக்கும் ரெகவரிக்கும் நடுவே கிடைக்கும் ஏறத்தாழ 315 ஜிபியை லினக்ஸுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பிடிஆர்எஃப்எஸ் என்றால் அது முழுவதும் ஒரே பார்ட்டிஷன். எக்ஸ்ட்4 என்றால் சி டிரைவை ஒட்டி 90 ஜிபி ரூட், மீதம் ஹோம். விண்டோஸுக்கு 160 ஜிபி அதிகம் என்று தோன்றலாம்; புதுப்பிப்புகளுக்கு அது தாராளமாக இடம் கேட்கும், சில மாதங்களுக்காக அதனுடன் மல்லுக்கட்டுவதில் பொருள் இல்லை.

டி டிரைவை விண்டோஸ் இருக்கும்வரை என்டிஎஃப்எஸ் ஆகவே விடுங்கள். இரு பக்கமும் வாசிக்கவும் எழுதவும் கூடிய பொதுவிடம் தேவை, விண்டோஸ் எக்ஸ்ட்4-ஐத் தானாக வாசிக்காது. லினக்ஸ் கெர்னலில் 2021-இல் வெளிவந்த 5.15-இலிருந்து என்டிஎஃப்எஸ்3 என்ற இயக்கி உண்டு. அதற்கு முன்பிருந்தே என்டிஎஃப்எஸ்-3ஜி நம்பகமாக வேலை செய்துவருகிறது. ஆவணங்கள், படங்கள், பாடல்கள் ஆகியவற்றுக்கு இது போதும். ஹோமை என்டிஎஃப்எஸ்ஸில் வைப்பது மட்டும் கூடாது. லினக்ஸின் உரிமைக் குறிகள் அங்கே இயல்பாகப் பதிவாவதில்லை. ஸ்டீம் விளையாட்டுகளை அங்கிருந்தே இயக்கும் ஆசையும் வேண்டாம்: விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் இயக்கும் புரோட்டான் உருவாக்கும் கோப்புறைகளில் பெயரிலேயே முக்காற்புள்ளி கொண்ட இணைப்புகள் உண்டு, விண்டோஸின் பெயர் விதிப்படி அது செல்லாத பெயர். டைம்ஷிஃப்ட்டும் தன் ஸ்னாப்ஷாட்களை என்டிஎஃப்எஸ்ஸில் வைக்க ஒப்புக்கொள்ளாது.

டி டிரைவை எப்போதும் மவுண்ட் ஆகும்படி எஃப்எஸ்டேப் (/etc/fstab) என்ற மவுண்ட் பட்டியல் கோப்பில் சேர்க்கும்போது, வட்டின் சாதனப் பெயரைக் கொண்டு எழுதாமல் யூயூஐடியைக் (கோப்பு முறைமையின் தனி அடையாளக் குறியை) கொண்டு எழுதுங்கள். சாதனப் பெயர்கள் கணினி எழும் ஒவ்வொரு முறையும் மாறக்கூடும். அதே வரியில் நோஃபெயில் என்ற குறிப்பையும் சேர்க்க வேண்டும். அது இல்லாவிட்டால், ஹார்டு டிஸ்க் ஒருநாள் பழுதாகும்போது எஸ்எஸ்டியில் எந்தக் குறையும் இல்லாத லினக்ஸும் அவசர நிலைத் திரையில் நின்றுவிடும்.

விண்டோஸை நீக்கும் நாளுக்கு வருவோம். கணினி லினக்ஸின் பூட்லோடரிலிருந்தே எழுகிறது என்பதை உறுதிசெய்துவிட்டு, சி டிரைவையும் அதன் முன்னுள்ள 16 எம்பி துண்டையும் கடைசியில் உள்ள ரெகவரியையும் அழிக்கலாம். இஎஃப்ஐ பார்ட்டிஷனை மட்டும் அழிக்கக் கூடாது. உங்கள் கிரப் இப்போது அங்கேதான் குடியிருக்கிறது. அதற்குள் உள்ள மைக்ரோசாஃப்ட் கோப்புறையை நீக்கி, கிரப் பட்டியலைப் புதுப்பித்தால் போதும். விண்டோஸின் டிஜிட்டல் உரிமம் வன்பொருளோடு பிணைந்தது என்பதால், என்றாவது திரும்ப நிறுவ நேர்ந்தால் பெரும்பாலும் தானே உயிர்பெறும்.

இப்போது 160 ஜிபி காலி. ஆனால் அது லினக்ஸ் பார்ட்டிஷனின் இடப்புறம் கிடக்கிறது. தொடக்கத்தில் வரிசை என்று சொன்னது இதற்காகவே. பிடிஆர்எஃப்எஸ் என்றால் அந்த இடத்தில் ஒரு பார்ட்டிஷன் உருவாக்கி, இருக்கும் கோப்பு முறைமையில் இன்னொரு சாதனமாக ஒரே கட்டளையில் சேர்த்துவிடலாம். எதையும் நகர்த்தாமலே மொத்த இடம் கூடிவிடும். தொடக்கத்திலேயே எல்விஎம் (பல பார்ட்டிஷன்களை ஒரே இடமாகத் திரட்டும் முறை) போட்டிருந்தால் அதிலும் இதே வசதி உண்டு. வெறும் எக்ஸ்ட்4 என்றால், ஜிபார்ட்டட் என்ற பார்ட்டிஷன் கருவியைக் கொண்டு ரூட்டை இடப்புறம் இழுப்பதைவிட, அந்த 160 ஜிபியைத் தனி எக்ஸ்ட்4 பார்ட்டிஷனாக்கி விளையாட்டுகளுக்கோ மெய்நிகர் கணினிகளுக்கோ மவுண்ட் செய்துகொள்வதையே நான் பரிந்துரைப்பேன். நகர்த்தினால் கிடைக்கும் நேர்த்தி, நகர்த்துவதில் உள்ள ஆபத்துக்கு ஈடாகாது.

விண்டோஸ் போனபின் டி டிரைவையும் என்டிஎஃப்எஸ்ஸிலேயே விட்டுவைக்க வேண்டாம். அதில் பிழை வந்தால் முறையாகச் சரிசெய்யும் கருவி விண்டோஸின் செக் டிஸ்க்தான். லினக்ஸ் பக்கம் இருப்பவை மேலோட்டமான திருத்தங்களையே செய்கின்றன. தரவு இருந்த இடத்திலேயே இருக்க என்டிஎஃப்எஸ்ஸை எக்ஸ்ட்4 ஆக மாற்றுவதற்கு நம்பத்தக்க வழி இல்லை. எல்லாவற்றையும் வெளி வட்டுக்கு நகலெடுத்து, நகல் சரியாக இருக்கிறதா என்று சோதித்து, ஹார்டு டிஸ்கை ஃபார்மட் செய்து, திரும்பக் கொண்டுவர வேண்டும். எக்ஸ்ட்4 தன் இடத்தில் 5 விழுக்காட்டை ரூட் என்ற நிர்வாகப் பயனருக்காக ஒதுக்கிவைக்கும். 1 டிபி வட்டில் அது ஏறத்தாழ 50 ஜிபி. தரவு மட்டும் இருக்கும் வட்டில் அதை 1 விழுக்காடாகக் குறைக்கலாம், ரூட் பார்ட்டிஷனில் குறைக்க வேண்டாம்.

ஃபார்மட் செய்ததும் டி டிரைவின் யூயூஐடியும் கோப்பு முறைமையும் மாறிவிடும் என்பதால், எஃப்எஸ்டேப் கோப்பில் உள்ள வரியைத் திரும்ப எழுத வேண்டும். மறந்துவிட்டால், நோஃபெயில் இருப்பதால் கணினி எந்த முறையீடும் இன்றி எழும். மவுண்ட் ஆகாத வெற்றுக் கோப்புறைக்குள் நீங்கள் திரும்ப நகலெடுக்கும் நூற்றுக்கணக்கான ஜிபி, ஹார்டு டிஸ்குக்குச் செல்லாமல் எஸ்எஸ்டியின் ரூட்டை நிரப்பத் தொடங்கும். ஆகவே, நகலெடுக்கும் முன் அந்த இடத்தில் காட்டப்படும் மொத்த அளவு 1 டிபிக்கு அருகில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.